கல் வாங்கிய வலிப்பு

வைரவருக்குச் சாத்தும் வடைமாலைக்கு உளுந்து அதிகம் ஊறக்கூடாது; ஊறினால் வடை மெத்தென்று வந்து நூலில் நிற்காது. வாக்குமூலத்துக்கு நீங்கள் கேட்பது அதுவல்ல என்று தெரியும். விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெயர் அருட்பிரகாசம். ஜெர்மனியில், எசன் நகரத்து உணவகங்களில் காலமெல்லாம் கோப்பை கழுவியவன். ஒஸ்னாப்ரூக் பக்கத்துக் காட்டில் பழங்காலத்துக் கல்லறை ஒன்று இருக்கிறது. இராட்சதர்கள் அடுக்கியதாம். நோயாளி மூடுகல்லுக்கு அடியால் தவழ்ந்து போனால் நோயைக் கல் வாங்கிக்கொள்ளும் என்று அங்குள்ள பண்ணைக்காரர் சிரித்தபடி சொன்னார். நான் சிரிக்கவில்லை. சூலமொன்றைச் சாத்தி, வைரவர் என்றேன். சனம் வரத் தொடங்கியது. என்னை ஐயா என்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

புஸ்பவதி தன் மகள் மிதுசாவைக் கூட்டிவந்தாள். பூக்கடையில் வேலை பழகுகிற பிள்ளை, வலிப்புக்காரி. தவழ்ந்தாள். அதன்பிறகு வலிப்பு வரவில்லை. வைரவர் கைவிடவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

"இல்லை மாமா, டொக்டர் தந்த புதுக் குளிசை நல்லா வேலை செய்யுது," என்றாள் மிதுசா. மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் யாரோ பின்னால் சிரித்தார்கள்.

அன்றுதான் புது விதி சொன்னேன். தவழ்ந்தவர்கள் அமாவாசை வரை குளிசை தொடக்கூடாது. தொட்டால் கல் நோயைத் திருப்பித் தந்துவிடும். பண்ணைக்காரரின் கதையில் அது இல்லை. மிதுசா மறுத்தாள். தாய் அழுத அழுகைக்காக நிறுத்தினாள்.

சில நாளில் புஸ்பவதி போன் எடுத்தாள்.

"அண்ணை, பிள்ளைக்குக் கை உதறுது. ஒரு குளிசை குடுக்கட்டோ?"

"பொறுங்கோ தங்கச்சி. அமாவாசை கிட்டத்தானே."

என் தம்பிக்கும் அதே வலிப்பு வருத்தம். குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று வைத்தியர் என்னையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். தெரிந்துதான் பொறுக்கச் சொன்னேன்.

மிதுசா குளியலறையில் விழுந்தாள். எழும்பவில்லை.

செத்த வீட்டில் புஸ்பவதி என் காலைப் பிடித்தாள். "பயத்தில ஒளிச்சு ஒரு குளிசை குடுத்திட்டன் அண்ணை. நான்தான் பிள்ளையைச் சாகக் குடுத்திட்டன்."

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீடு நிறையச் சனம். அவள் நெற்றியில் திருநீறு பூசி, வைரவர் உன்னை மன்னித்துவிட்டார் என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவள் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.