ரோசம்மாள் வண்டியில் பெட்ரோல் குடித்தது யார்?

பந்தலும் தந்து, பிரியாணியும் தந்து, எங்களில் பாதிப் பேருக்கு ஓட்டக் காரும் தந்து, இந்த மேடையின் நடுநாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் விழாத் தலைவர் ஐயா சபரிநாதன் அவர்களே! அவருக்கு இருபுறமும் அணி செய்யும் ஆன்றோர்களே! முன்வரிசையை முழுவதுமாகப் பிடித்துவிட்ட தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கு நடுவே, தலைவரின் துணைவியார் சம்பூர்ணம் அம்மா அவர்களே! ஊத்துக்கோட்டையிலிருந்தும் பெரியபாளையத்திலிருந்தும் ஷிப்ட் முடித்த கையோடு வந்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே! கடைசி வரிசையில் குரங்குக் குல்லா போட்டு, கண் மட்டும் தெரிய அமர்ந்திருக்கும் முகமறியாச் சொந்தங்களே! கும்மிடிப்பூண்டி வாடகைக் கார் ஓட்டுநர் சங்கத்தின் செயலாளனாகிய இந்தத் துலுக்காணம், உங்கள் அனைவரையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்!

இந்தப் பொங்கல் விழாவில் எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு, ‘குளிர்காலமும் ஹைபிரிட் கார் மைலேஜும்’. யாரது சிரிப்பது? நம்மூரில் குளிரா என்றுதானே சிரிக்கிறீர்கள்? நியாயம். நம் மார்கழியை ஊட்டிக்காரன் பார்த்தால் சட்டையைக் கழற்றிவிட்டு மின்விசிறி கேட்பான். ஆனால் நாம்? காதுக்கு மப்ளர், கழுத்துக்குத் துண்டு, தலைக்குக் குல்லா! குளிர் வருகிறதோ இல்லையோ, குல்லா வந்துவிடுகிறது.

ஹைபிரிட் கார் என்றால் என்ன? பெட்ரோல் எஞ்சின் ஒன்று, பேட்டரியில் ஓடும் மோட்டார் ஒன்று. மெதுவாகப் போகும்போது எஞ்சின் தூங்கும், மோட்டார் இழுக்கும். எஞ்சின் எவ்வளவு தூங்குகிறதோ, அவ்வளவு பெட்ரோல் மிச்சம். வேலை நேரத்தில் தூங்குவதற்காகப் பாராட்டப்படும் ஒரே உத்தியோகஸ்தன் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான்! பனி கொட்டும் நாடுகளில் அந்த எஞ்சின் தன்னைச் சூடேற்றிக்கொள்ளவே ஓடுகிறது. பேட்டரி சோம்புகிறது. டயரில் காற்று சுருங்குகிறது. மைலேஜ் மளமளவென்று சரிகிறது. அது அந்த நாட்டுக் கதை, அறிவியல் ஒப்புக்கொண்ட கதை.

நம் நாட்டுக் கதையைக் கேளுங்கள். நம் சங்கத்தில் கார் ஓட்டும் ஒரே பெண் யார்? ஆம், கைதட்டுங்கள், ரோசம்மாள்! அதோ பந்தல் கால் ஓரமாக, உட்கார நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருக்கிறாரே, அவர்தான். தலைவர் புதிதாக வாங்கிய ஹைபிரிட் காரை அவரிடம்தான் ஒப்படைத்தார். மார்கழி முழுக்க விடியலில் தலைவர் வீட்டு அம்மாவைப் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும். திரும்பி வந்து தொழிற்சாலைப் பெண்களை ஷிப்ட்டுக்கு இறக்க வேண்டும். ஐப்பசியில் லிட்டருக்கு இருபத்து நான்கு கிலோமீட்டர் கொடுத்த கார், மார்கழியில் பதினெட்டுக்கு இறங்கியது. மிச்சப் பெட்ரோல் எங்கே போனது? காற்றில் கரைந்ததா? கடலில் கலந்ததா?

தலைவர் கார் நிறுத்தும் ஷெட்டுக்கு வந்தார். ஐயா, கோபிக்காதீர்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

“பெட்ரோல இன்னா பண்ற? எடுத்து விக்கிறியா?”

“ஹீட்டர் ஓடுது சார். அதான் எஞ்சின் அணைய மாட்டேங்குது.”

“கும்மிடிப்பூண்டில ஹீட்டரா? யாராண்ட கதை உட்ற? சரி, யாரு போடச் சொன்னாங்க?”

ரோசம்மாள் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

“பாத்தியா, பதில் வரல! திருடி! சாவியக் குட்த்துட்டு கெளம்பு!”

கொடுத்துவிட்டார். அத்தனை ஓட்டுநர்கள் பார்த்திருக்க, தலை குனியாமல் கொடுத்துவிட்டு நடந்தார். அன்று முதல் எந்த முதலாளியும் அவருக்கு ஓட்ட வண்டி தரவில்லை. திருடி என்ற பெயர் ஷேர் ஆட்டோவை விட வேகமாகப் போகும் தோழர்களே, எல்லா நிறுத்தத்திலும் நிற்கும்.

அந்தச் சாவி யார் கைக்கு வந்தது? என் கைக்கு! மறுநாள் விடியலில் சம்பூர்ணம் அம்மா தலைக்குக் குளித்து, ஈரத் தலையில் துண்டு சுற்றி ஏறினார். ஏறியதும் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

“ஹீட்டரப் போடு துலுக்காணம், நடுங்குது. ஊட்டுக்காரராண்ட சொல்லிக்கினு இருக்காதே, அவரு ஹீட்டர்னா ஊட்டிக்குப் போனாத்தான்னு கத்துவாரு.”

கோயில் வந்தது. இறங்கினார். “நான் வர்ற வரிக்கும் அணைக்காதே, வண்டி ஆறிடும்!” என்றார். கார் என்ன இட்லிச் சட்டியா, ஆறிப்போக? எஞ்சின் சூட்டில்தான் ஹீட்டர் சுடும் தாய்மார்களே! ஹீட்டர் ஓடினால் எஞ்சினுக்கு ஏது தூக்கம்? அம்மா அம்மனைச் சுற்றும் வரை அது உறுமிக்கொண்டே இருந்தது.

இன்னொன்றும் கண்டேன். பின்சீட்டின் ஓரத்தில், தரையைத் தொட மடித்துச் செருகிய ஒரு கம்பளி! யார் வைத்தது? வெளிநாட்டு வீடியோ ஒன்றைப் பார்த்து, பேட்டரிக்குக் குளிரக் கூடாது என்று நம் தலைவரே போர்த்தியது! அந்த இடத்தில்தான் பேட்டரி காற்று வாங்கும் துவாரம் இருக்கிறது. மூச்சு முட்டிய பேட்டரி சூடாகி வேலையைக் குறைத்துக்கொண்டது. எஞ்சினைத் தூங்கவிடாதவர் மனைவி, பேட்டரியின் மூக்கைப் பொத்தியவர் கணவர். பெட்ரோல் குடித்தது இவர்கள் இருவர், பெயர் மட்டும் ரோசம்மாளுக்கா?

நான் ஓட்டியபோதும் அதே பதினெட்டுதான். என்னை ஏன் யாரும் திருடன் என்று சொல்லவில்லை? தை பிறந்து ஒரு வாரமாகிறது, அம்மாவின் மார்கழிக் கோயில் பயணம் நின்றது, ஹீட்டர் அணைந்தது, கம்பளியை எடுத்து என் வீட்டில் போர்த்திக்கொண்டேன். மைலேஜ் பழையபடி ஏறிவிட்டது!

அம்மா, ஏன் எழுந்துவிட்டீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் கேட்கவில்லையாம்.

“இன்னாங்க, ரோசு தானா நின்னுட்டான்னு தான எங்கிட்ட சொன்னீங்க? திருடின்னா சொல்லி அனுப்ச்சீங்க? ஹீட்டரப் போடச் சொன்னதும், உங்களாண்ட சொல்லாதேன்னதும் நான்தான்! அது வாயத் தொறக்காம நின்னது எனக்காகத்தான்!”

கேட்டீர்களா அவையோரே? கேட்டீர்களா அநியாயத்தின் அளவை? முதலாளியம்மாவுக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்ற, தன் மூன்று பிள்ளைகளின் சோற்றை இழந்து நின்றவர் திருடியா? தலைவர் சட்டைப் பையில் கை விடுகிறார். சாவி! இன்று காலை நான் ஒப்படைத்த அதே காரின் சாவியை எடுக்கிறார்! ரோசம்மாள், மேடைக்கு வாருங்கள். வழி விடுங்கள் தோழர்களே.

என்ன, வாங்க மாட்டேன் என்கிறீர்களா?

“சாவிய அப்பாலிக்கா வாங்கிக்கிறேன் சார். ஷெட்டுல எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான திருடின்னீங்க? இப்போ இங்கயும் எல்லாருக்கும் கேக்கற மாதிரி, இல்லன்னு சொல்லுங்க.”

இதற்கு மேல் நான் பேசுவது முறையல்ல. பொறுமையோடு செவி கொடுத்த பெரியோர்களுக்கும், தம் கணவரை நேருக்கு நேர் கேட்ட அந்தத் தாய்க்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பிரியாணி அண்டாவை இப்போதே திறக்க வேண்டாம். எல்லோருக்கும் வணக்கம். தலைவர் அவர்களே, எழுந்து வாருங்கள், மைக் ஆனில்தான் இருக்கிறது.