ஒரு சாண் நாலு விரக்கடை

நெல்லையப்பன்: முதல்ல சோடாவைக் குடிங்க சாமி. மாட்டுங்கால இருந்து தாராவிக்கு இந்த வெயில்ல நடந்தா வந்திருக்கீக?

மகாதேவன்: சோடா கெடக்கட்டும் மிஸ்திரி. நாளைக்கு சாயங்காலம் ஜானவாசத்துக்கு உம்ம வண்டிதானே? மேல்கூரை இல்லாத வண்டி?

நெல்லையப்பன்: என் வண்டிதான். பொண்ணு வீட்டுக்காரக வந்து பேசி முடிச்சிட்டாக. நீங்க...

மகாதேவன்: மாப்பிள்ளைக்கு அண்ணா. மகாதேவன். ரயில்வே ஆபீஸ்.

நெல்லையப்பன்: அட, மாப்பிள்ளை வீடா! இப்படி முக்காலியில உக்காருங்க.

மகாதேவன்: உக்கார நேரமில்லை. அந்த வண்டியை எறக்கணும்.

நெல்லையப்பன்: எங்கன இருந்து எறக்க? தரையிலதான நிக்கி?

மகாதேவன்: பரிகாசம் வேண்டாம் ஓய். உயரத்தைச் சொல்றேன். அடியில இருக்கற வில்லுக் கமானை மாத்தி வண்டியைத் தாழ்த்தணும். முடியுமா, முடியாதா?

நெல்லையப்பன்: கமான்ல பட்டையைக் குறைச்சா தாழும். ஆனா எதுக்குன்னு...

மகாதேவன்: அழகுக்குத்தான். சீமையில இப்போ வண்டியெல்லாம் தரையோட படிஞ்சு போறதாம். பத்திரிகையில படம் பார்த்தேன்.

நெல்லையப்பன்: ஜானவாசத்துக்கா? மாப்பிள்ளையை ஊரே பாக்கட்டும்னுதான சாமி ஒசரத்துல உக்கார வைக்கிறது! நாதசுரத்துக்குப் பின்னால ஊர்ந்து போற வண்டிக்கு எதுக்கு சீமை...

மகாதேவன்: உமக்கு எல்லாம் சொல்லணுமா? எவ்வளவு தாழும், அதைச் சொல்லும்.

நெல்லையப்பன்: ஏறுற பலகை தரையில இருந்து ஒரு சாண் நாலு விரக்கடையில நிக்கும்.

மகாதேவன்: அளக்காமலே விரக்கடை வரைக்கும் சொல்றீரே, எப்படி?

நெல்லையப்பன்: எல்லாம் கைப்பழக்கம். சாமி, கோலியைத் தட்டிட்டேன், காத்துப் போயிரும்.

மகாதேவன்: விடமாட்டீரே... சரி, கொண்டாரும். ம்... அப்பாடா.

நெல்லையப்பன்: இப்பம் சொல்லுங்க. மெல்லிசுப் பட்டை போடவா, கெட்டிப் பட்டை போடவா?

மகாதேவன்: என்ன வித்தியாசம்?

நெல்லையப்பன்: மெல்லிசு நல்லாத் தாழும். ஆனா காலை வச்ச ஒடனே ஒரு பக்கமா அமுங்கி ஆடும்.

மகாதேவன்: ஐயோ, ஆடப்படாது! கால் வைக்கறச்சே அசையவே படாது!

நெல்லையப்பன்: அப்பம் கெட்டி. மிலிட்டரி ஏலத்துல எடுத்தது ரெண்டு செட் கெடக்கு. ஆனா அது அவ்வளவா தாழாது. பள்ளத்துல தூக்கித் தூக்கிப் போடும். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமா துள்ளுவாரு.

மகாதேவன்: துள்ளட்டும். ஏறினப்புறம் என்ன வேணா...

நெல்லையப்பன்: ஏறினப்புறமா?

மகாதேவன்: ...ஒண்ணுமில்லை. தாழவும் தாழணும், ஆடவும் படாது. வழியே இல்லையா?

நெல்லையப்பன்: இருக்கு. ஆட்டத்தைப் பிடிச்சு நிறுத்துறதுக்குன்னே ஷாக் அப்சார்பர் இருக்குல்லா? மெல்லிசுப் பட்டையைப் போட்டு, ஷாக்கோட நட்டை நல்லா இறுக்கிட்டா ஆடாம பராபர் நிக்கும். ஒரே ஒரு தொல்லை. உங்க தெருப் பிள்ளைக அம்புட்டும் மாப்பிள்ளையோட ஏறுமே? பத்துப் பிள்ளை ஏறினா மட்கார்டு டயர்ல உரசும்.

மகாதேவன்: பிள்ளைகளா... ஓய்! அதுகளை முதல்லயே ஏத்திட்டா? வண்டி இன்னும் தாழுமே!

நெல்லையப்பன்: மாப்பிள்ளைக்கு முந்தியா? நல்லாயிருக்கு கூத்து!

மகாதேவன்: என்ன தப்பு? கொழந்தைகள்தானே, யார் என்ன சொல்லப் போறா...

நெல்லையப்பன்: எந்தக் கால் சாமி?

மகாதேவன்: என்னது?

நெல்லையப்பன்: தம்பிக்கு எந்தக் கால்னு கேட்டேன்.

மகாதேவன்: காலா... காலுக்கென்ன ஓய் இப்போ?

நெல்லையப்பன்: சொல்லப் பிடிக்கலேன்னா விட்டுருங்க.

மகாதேவன்: ...வலது. ரெண்டு வருஷம் முன்னாடி டாக்ல கப்பல் வெடிச்சதே, அன்னிக்கு தம்பி கிட்டு அங்கே டூட்டியில இருந்தான். உத்தரம் சரிஞ்சு முட்டியில விழுந்தது. சமதரையில நடந்தா ஒருத்தருக்கும் தெரியாது. ஒசரத்துல ஏறத்தான் மடங்க மாட்டேங்கறது.

நெல்லையப்பன்: வலது காலைத்தான முதல்ல வச்சு ஏறணும்?

மகாதேவன்: அதுதானே ஓய் என் வயத்தெரிச்சல்! கோவில் வாசல், கேஸ் லைட் வெளிச்சம், அவா மனுஷா அத்தனை பேரும் சுத்தி நின்னுண்டு "வலது காலை வெச்சு ஏறுங்கோ மாப்பிள்ளே"ன்னு கத்துவா. இவன் கையால தொடையைத் தூக்கி வைப்பான். அவ்வளவுதான், முடிஞ்சது.

நெல்லையப்பன்: பொண்ணு வீட்டுல சொல்லவே இல்லியா?

மகாதேவன்: சொன்ன மூணு எடமும் தட்டிப்போச்சு. மூணாவதுக்கு அப்புறம் அவன் யாரோடயும் பேசறதையே விட்டுட்டான். பார்த்துண்டு எப்படிய்யா சும்மா இருக்கறது? இந்த எடத்துக்குப் பொண்ணு பார்க்க அரை மணி முன்னாடியே போனோம். அவா வாசலுக்கு வந்து அழைக்கறதுக்குள்ள அவனைப் படி ஏத்தி உள்ளே கொண்டு உக்கார வச்சுட்டேன். திரும்பி வரச்சே பின்னாலயே ஒட்டிண்டு மறைச்சுண்டு வந்தேன்.

நெல்லையப்பன்: பூராவும் மறைஞ்சுச்சா?

மகாதேவன்: மறைஞ்சது. ஆனா எனக்குத் தூக்கம் போச்சு. அந்தப் பொண்ணு வாலாம்பா, என் கையில காபியைக் குடுத்துட்டு, "நீங்க சாப்பிடவே இல்லையே அண்ணா"ன்னா. அண்ணாங்கறா ஓய்! அவளைப் போய் ஏமாத்தறேனே... வேண்டாம். கமானும் வேண்டாம், ஷாக்கும் வேண்டாம்.

நெல்லையப்பன்: எந்திரிச்சு எங்க போறீக?

மகாதேவன்: அவாத்துக்கு. இப்பவே சொல்லிடறேன். கல்யாணம் நின்னா நிக்கட்டும். கிட்டு ஜன்மத்துக்கும் என் மூஞ்சியில முழிக்காட்டாலும் சரி.

நெல்லையப்பன்: நில்லுங்க சாமி.

மகாதேவன்: விடும் ஓய் கையை!

நெல்லையப்பன்: போகலாம், போகலாம். இந்தத் தார்ப்பாய் முனையை மட்டும் பிடிச்சு இழுங்க. ஜல்தி... இழுங்கன்னா!

மகாதேவன்: இது எதுக்கு இப்போ... என்ன ஓய் இது! வண்டி ஏற்கெனவே எறங்கியிருக்கே!

நெல்லையப்பன்: ஒரு சாண் நாலு விரக்கடை. அளந்து பாத்துக்கிடுங்க. மெல்லிசுப் பட்டை, இறுக்கின ஷாக்கு. முந்தாநேத்தே முடிச்சாச்சு.

மகாதேவன்: யார் சொல்லி?

நெல்லையப்பன்: வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். நீங்க இப்படிக் கெளம்புனா நான் என்ன செய்ய? அந்தப் பொண்ணுதான் வந்துச்சு.

மகாதேவன்: வாலாம்பாவா? இங்கேயா?

நெல்லையப்பன்: கையில குடையோட. நீங்க அரை மணி முன்னாடி போனீகள்லா? வாசல்ல ஆள் இல்லை, ஜன்னல்ல அது நின்னுருக்கு. "எங்காத்து வாசப்படி இந்தக் குடையில இவ்வளவு ஒசரம். அதை அவர் ஏறிட்டார். வேர்த்துக் கொட்டித்து, ஆனா ஏறிட்டார். இதுக்கு மேல ஒரு விரக்கடை கூடப் படாது"ன்னு நகத்தால கீறிக் காட்டிச்சு.

மகாதேவன்: ...அவ அப்பாவுக்கு?

நெல்லையப்பன்: தெரியாது. "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு, அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்"னுச்சு.

மகாதேவன்: நாங்க மறைச்சதைப் பத்தி... ஒண்ணும் சொல்லலையா?

நெல்லையப்பன்: சொல்லாம என்ன? "இதே வேலைக்கு அவரோட அண்ணாவும் பதறிண்டு வருவார். எனக்குத் தெரியும்னு காட்டிக்காதீங்கோ, பாவம். முதல்ல ஒரு சோடா குடுங்கோ"ன்னுச்சு. நீங்க குடிச்சீகளே, அந்தச் சோடாவுக்குக் காசு வச்சிட்டுப் போனதும் அதுதான்.