தனியாக இருப்பவர்களுக்கு ஒரு எண்

வான்கூவர் தீவில் வருஷத்தில் பாதி நாள் மழை. வீட்டிலிருந்தபடியே செய்கிற வேலை கிடைத்தால் விடக்கூடாது. எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது. சம்பளம் கிடையாது, ஆனால் மனசுக்கு நிறைவான வேலை.

வேலை இதுதான், சார்ஜென்ட். போதை மருந்தைத் தனியாக எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள் எங்கள் எண்ணுக்குக் கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்கக் கூடாது. முகவரியை மட்டும் முதலிலேயே வாங்கிவிட வேண்டும். எடுத்துக்கொண்ட பிறகும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்போம். பதில் நின்றுபோனால் அந்த முகவரிக்கு ஆம்புலன்ஸை அனுப்புவோம். இரண்டு வருஷத்தில் ஒன்பது பேரைப் பிழைக்க வைத்திருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகன் கோரி உயிரோடு இருந்தபோது, பழைய தீயணைப்பு நிலையத்தில் ஓர் அறை இருந்தது. நர்ஸின் கண் முன்னால் அங்கே எடுத்துக்கொள்ளலாம். மூச்சு நின்றால் மருந்து கொடுத்து எழுப்பிவிடுவார்கள். கோரியை இரண்டு தடவை எழுப்பினார்கள். அந்த அறையை மூடச் சொல்லி நகரசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் கவுன்சிலர் வேட் லிண்ட்கிரென்.

அவர் சொன்னதெல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். பள்ளி மைதானத்தில் ஊசி கிடந்தது உண்மை. பேக்கரிக்கார ஐரிஸின் கண்ணாடிக் கதவை மூன்று தடவை உடைத்ததும் உண்மை. போதை மருந்தைக் கொஞ்சமாகக் கையில் வைத்திருந்தால் குற்றமில்லை என்று அரசாங்கம் சொன்ன வருஷம் அது. ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது. சபையில் எனக்கு மைக்கில் மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். என் பிள்ளையைப் பற்றிப் பேசினேன். முடித்ததும் அவர் என்னைப் பார்த்தே சொன்னார்:

"தெரிஞ்சேதானே குழியில விழறாங்க, டோரீன். ஒவ்வொரு தடவையும் நாமளே தூக்கிவிட்டுக்கிட்டு இருந்தா அவங்களுக்கு எப்பத்தான் புத்தி வரும்?"

கைதட்டினார்கள். அறையை மூடினார்கள். பதினொரு வாரம் கழித்து, எதிரே உள்ள பெட்ரோல் பங்க் கழிப்பறைக் கதவை உடைத்துக் கோரியை வெளியே எடுத்தார்கள். லிண்ட்கிரெனுக்கு ஆறு கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. பெற்ற வயிறு பற்றி எரிந்தது, இப்போதும் எரிகிறது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பெண் கூப்பிட்டாள். சின்னக் குரல், இருபது வயசு இருக்கும். "நாற்பத்தேழு, ஹெரான் தெரு. பின்பக்கக் கதவு தொறந்துதான் இருக்கு" என்றாள். லிண்ட்கிரெனின் வீடு. ஆறு உறைகளின் மேல் என் கையாலேயே எழுதிய முகவரி. அவருக்கு ஒரே மகள், ப்ரின்.

அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, கேட்டேன்.

"தெரிஞ்சா அவ்வளவுதான், வீட்டை விட்டே துரத்திடுவாரு. மூணு மணிக்குத்தான் வருவாரு. நீங்க லைன்லயே இருப்பீங்கல்ல?"

"இருப்பேன், கண்ணு" என்றேன்.

தன் நாயைப் பற்றிப் பேசினாள். இடி இடித்தால் அது குளியல் தொட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று சொல்லிச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறியது. பிறகு குறட்டை மாதிரி ஒரு சத்தம். அது தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்போது மணி இரண்டு இருபது.

லைன் அறுந்துவிட்டது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அறுந்துபோகவில்லை. பிறகு என் வக்கீலிடம் வேறு காரணம் சொன்னேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். தன் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அவரே அறையைத் திறப்பார், ஊர்ப் பிள்ளைகள் பிழைப்பார்கள் என்றுதான் ஆம்புலன்ஸை அனுப்பாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன் என்றேன். நல்ல காரணம்தான். அப்படியே நடக்கவும் செய்தது. நேற்று சபையில் அழுதுகொண்டே அறையைத் திறக்க அவர்தான் முதலில் கையைத் தூக்கினாராம்.

ஆனால் இரண்டரைக்கே அவள் மூச்சு கேட்கவில்லை. அறையைத் திறக்க வைக்க மட்டும்தான் என்றால் அப்போதே போனை வைத்திருக்கலாம். நான் வைக்கவில்லை. மழைச் சத்தம் இடைஞ்சலாக இருந்தது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு அந்த வீட்டுக் கதவு திறந்தது. அவன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். முதலில் சாதாரணமாக. அப்புறம் மாடிப்படியில் சத்தமாக. அப்புறம், பெற்றவர்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கூப்பிடுகிற மாதிரி.

அந்தக் குரலைக் கேட்கத்தான் அந்தப் பெண்ணைச் சாகவிட்டேன், சார்ஜென்ட். கேட்டேன்.