நீலச் சீட்டு

சின்ன வயதிலிருந்தே நான் பூச்சிகளைக் கொல்வதில்லை. குளியலறையில் கரப்பான் வந்தால்கூடக் காகிதத்தில் ஏந்தி வெளியே விட்டுவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசாரணைக் குழுவில் உங்கள் மூவருக்கும் என் குணத்தைப் பற்றித் தவறான அபிப்பிராயம் இருப்பதாகத் தெரிகிறது.

எங்கள் பல்கலைக்கழக உடை அருங்காட்சியகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கீழ்த்தளத்தில் மாணவர்கள் தைத்த உடைகளின் ஆண்டுக் கண்காட்சி. மாடியில் நிரந்தரக் கூடம்: நூற்றைம்பது வருடத்துப் பட்டு கவுன்கள், ராணுவக் கோட்டுகள், ஒரு குழந்தையின் கம்பளித் தொப்பி. கீழேயிருந்து வருடத்துக்கு ஒரே ஒரு உடைதான் மாடிக்குப் போகும். என் அம்மா ஞாயிறுதோறும் போனில் கேட்பாள்: "என்னடா, உன் துணி மாடி ஏறிடுச்சா? அத்தைகிட்ட சொல்லித் தொலைச்சுட்டேன்டா."

என் படைப்பு, பிளாஸ்டிக் பைகளால் ஆன கவுன். 'நுகர்வின் நிர்வாணம்' என்று பக்கத்தில் ஒரு விளக்கமும் மாட்டியிருந்தேன். விளக்கம் எழுத மூன்று வாரம், கவுன் தைக்க இரண்டு நாள். எனக்கு எதிரே, வகுப்பில் 'முதல் பெஞ்ச்' என்று எல்லாரும் கூப்பிடும் பெண்ணின் கம்பளிக் கோட்டு. எட்டு மாதம் கையால் பின்னியது. விளக்கமே இல்லை. அந்தத் தலைக்கனம் எனக்குப் பிடிக்கவில்லை.

பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு பழைய கோட்டு கிடந்தது. அதில் அந்துப்பூச்சிகள் குடும்பத்தோடு குடியிருந்தன. பத்துப் பதினைந்து புழுக்களை மிட்டாய் டப்பாவில் எடுத்துவந்து, முதல் பெஞ்சின் கோட்டு மடிப்புக்குள் விட்டேன். சின்னதாக நாலு ஓட்டை விழட்டும் என்றுதான். மற்றபடி அவள்மேல் எனக்கு நல்ல மரியாதை.

ஆறு வாரம் கழித்து நடுவர்கள் வந்தார்கள். முதுகில் ஏழெட்டு ஓட்டை. மூத்த நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லாமையை என்னமா பின்னியிருக்கா பாருங்க."

"சார், அது பூச்சி அரிச்சது சார்," என்றாள் முதல் பெஞ்ச். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"அந்த அடக்கத்தைப் பாருங்க."

பரிசும் மாடி இடமும் அவள் கோட்டுக்கே என்று அறிவித்த பிறகு அவள் பூச்சிப் பேச்சையே எடுக்கவில்லை. போகிற போக்கில் நடுவர் என் கவுனைப் பார்த்து, "குப்பை எடுக்கிறவர் இன்னிக்கு வரலையா?" என்று கேட்டார்.

மாடிக்கு எது போனாலும் முதலில் இரண்டு வாரம் ஃப்ரீசரில் கிடக்க வேண்டும் என்பது அங்கே நடைமுறை. புழு, முட்டை எல்லாம் அதில் செத்துவிடும். பிறகு உடையில் ஒரு நீலச் சீட்டு கட்டுவோம். அந்தப் பொறுப்பைத் தொண்டாக நான் ஏற்றிருந்தேன். முப்பது வருடமாகக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளர் மேடம் வெள்ளைக் கையுறையோடு வந்து கேட்டார்.

"ரெண்டு வாரமும் ஃப்ரீசர்ல இருந்துச்சா தம்பி?"

"இருந்துச்சு மேடம்."

நீலச் சீட்டையும் காட்டினேன். கோட்டு இருந்தது என் அலமாரியில். ஃப்ரீசரில் வைத்திருந்தால் அத்தனை உயிரும் போயிருக்கும். என் குணத்தைத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேனே.

விடுமுறையில் கூடம் நாலு மாதம் பூட்டிக் கிடந்தது. திறந்த அன்று விளக்கைப் போட்டதும் நான்தான். ராணுவக் கோட்டுகளில் பித்தளைப் பொத்தான்கள்தான் உருப்படியாக மிஞ்சியிருந்தன. பட்டு கவுன்கள் சல்லடையாகத் தொங்கின. குழந்தையின் தொப்பி இருந்த இடத்தில் ஒரு சிட்டிகைத் தூசி. மேடம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இருந்துச்சுன்னு சொன்னியேப்பா," என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நான் ஓடிப்போய் அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். உங்கள் அறிக்கையில் அந்த நாற்காலி விடுபட்டிருக்கிறது, சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் சரிதான். புழுவை விட்டதும் நான், பொய்ச் சீட்டைக் கட்டியதும் நான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும். வெறும் கூடத்தைப் பார்வையாளர்களுக்குக் காட்ட முடியாதென்று போன வாரம் உங்கள் அலுவலகமே என் கவுனை மாடிக்கு ஏற்றி நடுவில் நிறுத்தியிருக்கிறது. பூச்சி அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டேன்: சிபாரிசு, குறுக்கு வழி எதுவும் இல்லை, முழுக்க முழுக்கத் திறமைக்குக் கிடைத்த இடம் என்று.