என் ரொட்டியைப் பழித்த கவிஞர்

இவ்விழாவின் தலைமையை ஏற்று, உச்சி வெயிலிலும் வெண்ணிற மேலாடை கசங்காமல் வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் கெல்லியுஸ் பெருந்தகை அவர்களே! மன்றத்துச் சான்றோர்களே! அடுப்பைக் காக்கும் வெஸ்தா தாயை வணங்க வெறுங்காலோடு நடந்துவந்து, அந்தக் கால்களோடே இக்கல்தரையில் அமர்ந்திருக்கும் அன்னையர்களே! ரொட்டித் தொழிலில் எனக்கு மூத்தவர்களே, இளையவர்களே, முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் போட்டிக்காரர்களே! ஆண்டு முழுவதும் மாவுத் திரிகையைச் சுற்றி, விழா நாளான இன்று ஒரு நாள் ஓய்வு பெற்று, கழுத்தில் ஊதாப் பூமாலையும் ரொட்டிச் சரமுமாக நம் எல்லோரையும்விட அழகாக நிற்கும் கழுதைகளே! கலேரியா நகரத்து ரொட்டிக்காரன் திரெபியுஸ் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

கவிஞர் நுமேரியுஸ் பக்கீலியுஸ் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் பெயர் பொறித்த கல்லை இன்று திறந்திருக்கிறோம். இந்த மேடையில் பேச எத்தனை புலவர்கள் இருக்கிறார்கள், எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள்! மாவு பிசைகிறவனுக்கு இங்கே என்ன வேலை? என்ன தகுதி?

தகுதி இருக்கிறது. இந்த ஊரில் அவரால் அதிகமாகத் திட்டு வாங்கியவன் நான்!

பின்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறீர்கள். தெரிகிறது ஐயா, எந்தப் பாட்டு என்று தெரிகிறது. கூச்சம் வேண்டாம், உரக்கப் பாடுங்கள். பாடமாட்டீர்களா? சரி, நானே சொல்கிறேன்:

திரெபியுஸ் சுட்ட ரொட்டியைக் கேளீர்!
மதில்மேல் வைத்தால் மாற்றான் ஓடுவான்;
கடலில் எறிந்தால் கப்பல் உடையும்;
கடித்தஎன் பல்லோ கல்லறை போனது!

சிரியுங்கள். இருபத்து மூன்று ஆண்டுகளாகச் சிரிக்கிறீர்கள், இன்று மட்டும் ஏன் நிறுத்த வேண்டும்?

அவர் யார்? ஆலிவ் எண்ணெய் ஆட்டிய குடும்பத்துப் பிள்ளை. நெயாப்போலிஸில் படித்தவர். ரோமாபுரியில் பெரிய மனிதர்களின் பந்தியில் அமர்ந்தவர். படைத்தலைவரின் வெற்றியைப் பாடு என்றார்கள். அவர் மழைக்குப் பிறகு பிளந்து நிற்கும் அத்திப்பழத்தைப் பாடினார். வீரர்களின் வாளைப் பாடு என்றார்கள். அவர் வொல்துர்னுஸ் ஆற்றில் துணி அலசும் பெண்ணின் சிரிப்பைப் பாடினார். வாழ்நாள் முழுவதும் எழுதியது இரண்டே சுருள்கள், அறுபத்தொரு பாடல்கள். அந்த அறுபத்தொன்றில் ஒன்று என் தலையில் விழுந்தது!

பாட்டு தெருவுக்கு வந்த அன்றே, அடுப்பில் ரொட்டி தள்ளும் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் கையில் என்ன இருந்தது? என் ரொட்டி! தண்ணீரில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"என்னய்யா, அடிக்க வந்தியா? இரு, இதை முழுங்கிட்டு வர்றேன். நேரமாகும்" என்றார்.

"ஊரே சிரிக்குது! என் பொண்டாட்டி தண்ணிக்குப் போக முடியல!" என்று கத்தினேன்.

"அந்த நாலு வரியில ஒரே ஒரு பொய்யக் காட்டு திரெபியுஸ். காட்டிட்டா, நானே தெருத்தெருவாப் போய், 'நான் பொய்யன்'னு கத்துறேன்."

ஓங்கிய துடுப்பை மறுபடி தோளில் போட்டேன். திரும்பி வந்தேன். வீட்டுக்கு வந்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாக, என் ரொட்டியை நானே கடித்தேன். நறநறவென்று மணல்! தேய்ந்துபோன மட்டமான திரிகைக் கல் மாவோடு தன்னையும் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவரைப் பருப்பு மாவை வேறு நான் கலந்திருந்தேன். ஆமாம், கலந்தேன்! மன்றத்தார் குறித்துக்கொள்ளலாம், கலந்த கை இதுதான்.

கரும் எரிமலைக்கல்லில் புதுத் திரிகை வாங்கினேன். கோதுமையைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். ரொட்டி திருந்தியது. ஆனால் என் மனம் திருந்தவில்லை. மூன்று ஆண்டுகள் அவர் எதிரே வந்தால் நான் அடுத்த தெருவில் நடந்தேன்.

பிறகு அந்தக் கெட்ட காலம் வந்தது. உள்நாட்டுப் போர். ரோமாபுரியில் வெள்ளைப் பலகையில் பெயர் எழுதினார்கள். பெயர் இருந்தால் தலை போகும். ஒளித்து வைத்தவன் தலையும் போகும். காட்டிக்கொடுத்த அடிமைக்கு விடுதலை. ஆட்சியில் இருந்த ஒருவரைப் பற்றி நுமேரியுஸ் ஆறு வரி எழுதியிருந்தார். ஆறே வரி! பலகையில் அவர் பெயர் ஏறிவிட்டது.

ஒரு காலைப்பொழுது. முதல் ரொட்டிகள் அடுப்பை விட்டு வந்திருந்தன. பின்வாசல் வழியாக நுமேரியுஸ் ஓடிவந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை.

"யோவ், வெளிய போய்யா! என் பிள்ளைகள் இருக்குற வீடு" என்றேன்.

"போறேன். கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுப் போயிடறேன்."

தெருவில் சிப்பாய்களின் காலடி கேட்டது. அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது, போக இனி வழி இல்லை. நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை, பெருமக்களே. மரமாக நின்றேன்.

செய்தவன் ஒருவன் இருந்தான். என் திரிகையைச் சுற்றிய அடிமை அந்தேரோஸ். யாரையும் கேட்கவில்லை. இரண்டு கை மாவை அள்ளிக் கவிஞரின் தலையில் கொட்டினான். மேலாடையை உருவி அடுப்பில் எறிந்தான். அவர் கையைப் பிடித்துத் திரிகைத் தடியில் வைத்தான்.

"குனிஞ்சு தள்ளுங்க ஐயா. தலையைத் தூக்காதீங்க. நான் கால் வெக்கிற மாதிரி வைங்க."

நூற்றுவர் தலைவன் உள்ளே வந்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏய், கல் ரொட்டிக்காரன் நீதானே? உன்னை அந்தக் கிழி கிழிச்சவனைத்தான் தேடுறோம். எந்தப் பக்கம் போனான், சொல்லு. உனக்குக் கசக்கவா செய்யும்?" என்று சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்தான். "கடலில் எறிந்தால் மீனெல்லாம் சாகும்..."

அவையோரே, நான் வாயைத் திறந்தது காட்டிக்கொடுக்கத்தானா? உண்மையைச் சொல்கிறேன், இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் திறந்த வாயிலிருந்து வந்தது இதுதான்:

"மீன் இல்லீங்க, கப்பல். 'கப்பல் உடையும்'. மீனுன்னு போட்டா பாட்டு நொண்டுது."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. என்னைப் பழித்த பாட்டு எனக்கு மனப்பாடம்! அதில் ஒரு சொல் மாறினால் எனக்கு வலிக்கிறது! மூன்று ஆண்டு அந்தப் பாட்டை வெறுத்தேன் என்று நினைத்திருந்தேன். வெறுத்ததை யாராவது இப்படிக் காப்பாற்றுவார்களா?

"விடியறதுக்குள்ள கப்புவா சாலையில ஓடிட்டானாம். பிடிச்சா எனக்காக ரெண்டு சேர்த்துக் கொடுங்க!" என்றேன். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான், நான்கு சூடான ரொட்டிகளை எடுத்துக்கொண்டான், திரிகையைச் சுற்றிய இரண்டு வெள்ளை உருவங்களைத் திரும்பிக்கூடப் பாராமல் போய்விட்டான்.

பதினொரு நாட்கள் கவிஞர் என் திரிகையைச் சுற்றினார். நாளுக்கு நாள் மோசமாகச் சுற்றினார்! அந்தேரோஸ் தன் கஞ்சியில் பாதியை அவருக்கு ஊற்றினான். ஒரு சொல், ஒரே ஒரு சொல் வெளியே சொல்லியிருந்தால் அவனுக்கு அன்றே விடுதலை. சொன்னானா? சொல்லவில்லை. கெஞ்சினோமா? கெஞ்சவில்லை. பன்னிரண்டாம் நாள் ரொட்டி வண்டியில் கோதுமை மூட்டைகளுக்கு அடியில் கவிஞர் கடற்கரைக்குப் போனார், கிரேக்கக் கப்பலேறினார். திரிகைக் காலடிக்கு ஏற்ப அவர் கட்டிய பாட்டு இப்போது எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும்:

சுற்றுக கல்லே, சுற்றுக கல்லே!
பாதி பாரம் அந்தேரோஸ் தோளில்,
பாதி பாரம் என்னுடைத் தோளில்;
ஊரார் உண்ண விடியுது காலை.

ரோமாபுரிப் பிரபுக்கள் எத்தனை பேர் அவர் பாட்டில் தம் பெயரைக் கேட்டு ஏங்கினார்கள்! அவர் அன்போடு எழுதிய ஒரே பெயர், திரிகை சுற்றியவன் பெயர்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நல்லவனாக இறங்கிப் போயிருப்பேன். முடியவில்லையே!

நான்கு ஆண்டுகளில் பலகையில் பெயர் ஏறியவர்களுக்கு மன்னிப்பு வந்தது; கவிஞர் திரும்பினார். தலை நரைத்திருந்தது. சொந்த வீட்டுக்குப் போகவில்லை, நேரே என் கடைக்கு வந்தார். கட்டித் தழுவினேன். என் மனைவி பொல்லா அழுதாள். ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "பல்லு பிழைச்சுது" என்றார். பிறகு கேட்டார்:

"அந்தேரோஸ் எங்கப்பா?"

"உள்ளதான். திரிகையில."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"இன்னுமா?"

அவ்வளவுதான் சொன்னார். ஊரறிய நாலு வரி எழுதியபோது எனக்கு வந்தது கோபம். இந்த ஒற்றைச் சொல்லுக்கு எனக்குத் தலை நிமிரவில்லை. என் உயிரும், என் பிள்ளைகள் உயிரும், கவிஞர் உயிரும் எவன் நாவில் பதினொரு நாள் இருந்ததோ, அவனை நான்கு ஆண்டுகள் கழுதைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன்! மனத்தில் பட்டதா? படவே இல்லை. என் ரொட்டியில் இருந்த மணல் எனக்குத் தெரியாததுபோல இதுவும் தெரியவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் அந்தேரோஸை ஊர்த்தலைவர் முன் அழைத்துப் போனேன். விடுதலை பெற்றவன் அணியும் தொப்பியை என் கையாலேயே அவன் தலையில் வைத்தேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"நாளைக்கு மாவு யாரு அரைப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். கவிஞர் மட்டும் சிரிக்கவில்லை; அழுதார்.

தாய்மார்களே, பெரியோர்களே! புகழ்ந்து பாடும் கவிஞர் எந்த ஊருக்கும் கிடைப்பார். நம் குறையை நம் முகத்துக்கு நேரே சொல்லி, நம்மை நாமே கடித்துப் பார்க்க வைக்கும் கவிஞர் எத்தனை ஊருக்குக் கிடைப்பார்? நமக்குக் கிடைத்தார்! முதல் முறை என்னை நல்ல ரொட்டிக்காரன் ஆக்கினார். இரண்டாம் முறை என்னை மனிதன் ஆக்கினார். நுமேரியுஸ், இந்தக் கல்லின் முன் நின்று சொல்கிறேன்: நன்றி ஐயா, நன்றி!

இன்னொரு நன்றி பாக்கி. அதை இதுவரை ஊர் நடுவே நான் சொன்னதில்லை. தெற்கு வாசலில் சொந்தக் கடை வைத்து, என் வாடிக்கையில் பாதியைக் கொண்டுபோன அந்தேரோஸ் அந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிறான். ஒளியாதே, நான் பார்த்துவிட்டேன். தலைவர் அவர்களே, எனக்குப் போட்ட இந்த மாலை எனக்கு உரியது அல்ல. ஊராரே, சற்று வழி விடுங்கள். அன்னையரே, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள்.

ஏறி வாய்யா அந்தேரோஸ்! தலையைத் தூக்கிட்டு வா.

இவ்வளவு நேரம் வெயிலில் காத்திருந்து செவி கொடுத்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி. உங்கள் வீட்டு அடுப்புகளை வெஸ்தா தாய் காக்கட்டும். நலமோடு வாழுங்கள்!