முன்னறை காலி

— போர்டு தொங்குற வரைக்கும் இது கம்பெனிதேன், சாயிராக்கா. நான் இல்லைன்னு சொன்னா முனிசிபாலிட்டியில ஒத்துக்கிருவாகளா?

— போர்டு அங்கயே இருக்கட்டுங்க தம்பி. போர்டா வரி கேக்குது?

— வரியைக் கேக்குறதே அந்தப் போர்டுதேன். முன்னறை பனியன் கம்பெனி, பின்னால வீடுன்னு பிரிச்சுப் போட்டிருக்கு. கம்பெனிக்கு ஒரு கணக்கு, குடியிருக்குற வீட்டுக்கு ஒரு கணக்கு. நான் பில் கலெக்டரா இந்தத் தெருவுக்கு வந்ததுலருந்து பாக்குறேன், ஒங்க வீட்டுக்காரரு ஹிதாயத்துல்லா பாய் ஒரு நாள் பாக்கி வச்சதில்ல. இப்ப என்னடான்னா 'வாரேன் தவசி, வாரேன் தவசி'ங்கிறாரு. ஆளக் காணோம்.

— தர்றம்னுதானுங்க சொல்றம். தரமாட்டம்னா சொன்னம்?

— இந்தத் தடவ நோட்டீசு இல்லக்கா. ஜப்தி வாரண்டு.

— ஜப்தியா?

— கமிஷனர் கையெழுத்துப் போட்டாச்சு. அடுத்த வாரம் வருவாக. கட்டில், பீரோ, பாத்திரம், கையில அகப்பட்டத வண்டியில ஏத்துவாக. அதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன். அந்த அறையைத் தொறங்க.

— எதுக்குங்க?

— மிசின் ஓடுதான்னு பாக்க.

— சாவி அவரு எடுத்துட்டுப் போயிட்டாருங்க. கம்பெனிச் சோலியா ஈரோடு வரைக்கும் போயிருக்காரு...

— பாயை நேத்துப் பாத்தேன்க்கா.

— எங்கீங்க?

— பல்லடம் பக்கத்துல ஒரு கம்பெனி. எம் மச்சினன் அங்க வேலை பாக்குறான், அவனைப் பாக்கப் போனேன். டைலருக வரிசையில ஓவர்லாக் மிசின்ல குனிஞ்சு உக்காந்திருந்தாரு. பீஸ் ரேட்டுக்கு. அவரு என்னையப் பாக்கல. நானும் கூப்பிடல.

— உக்காருங்க தம்பி. ஜஹானாரா, அண்ணனுக்குத் தண்ணி கொண்டா கண்ணு.

— தண்ணி இருக்கட்டும். மிசினெல்லாம் எப்ப வித்தீக?

— போன நோம்புக்கு முந்தியே போயிருச்சுங்க. ரஷ்யாவுக்குப் போற சரக்குன்னு மெட்ராசுக்காரர் ஒருத்தரு ஆர்டர் குடுத்தாருங்க. ஊடு பூராவும் பனியன். நாங்க படுக்கறதுக்கே எடமில்ல. தைச்சு, மடிச்சு, பெட்டி கட்டி வெச்சா, அந்த நாடே ஒடஞ்சுபோச்சுன்னாங்க. நாடு ஒடையுமுங்களா தம்பி? கண்ணாடி டம்ளரா அது?

— ஒடஞ்சுச்சுல்ல. பேப்பர்லயெல்லாம் போட்டாகளே.

— ஆமாங்க. காதர்பேட்டையில கூவிக் கூவி வித்தும் நூல்காரரு கடனுக்கே பத்தலீங்க. மிசினுகளைக் கோயமுத்தூர் புரோக்கர் வந்து ஏத்திட்டுப் போனாரு. ரிப்பேருக்குப் போகுதுன்னு தெருவுல சொன்னம். கம்பெனிக் கரண்டு லைனையும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துப்போட்டம். அதனாலதானுங்க இவரு பஸ் ஏறிப் பல்லடம் போயித் தைக்கறாரு. இங்க உள்ளூருல, 'மொதலாளி வாங்க'ன்னு கூப்பிட்டவங்க கம்பெனியில போயி உக்கார முடியுமுங்களா?

— ஆனா சாயங்காலமானா இந்த வீட்டுல மிசின் சத்தம் கேக்குதுன்னு ஒச்சம்மா சொல்லுச்சே. அடுத்த வீட்டுல குடியிருக்கே, எங்க ஊர்ப் பக்கத்துப் பொம்பள.

— அது நானுங்க. பழைய கால் மிசின் ஒண்ணு கெடக்குது. அதை மிதிக்கறது.

— என்னத்தத் தைக்கிறீக?

— ஒண்ணும் தைக்கறதில்லீங்க. வெட்டுத்துணியை வெச்சு ஓட்டறது. தெருவுல போறவங்க காதுல உழுந்தாச் சரி.

— நல்லாருக்கு. இந்த ஊருல மிசின் இருக்குற எடத்துல போர்டு இருக்காது, வரிக்குப் பயந்து. இங்க போர்டு இருக்கு, மிசினக் காணோம். சரி, லைனை எழுதிக் குடுத்தோம்னீகளே, அந்தக் காயிதம் இருக்கா?

— இருக்குதுங்க.

— இதை மொதல்லயே சொல்லிருந்தா இம்புட்டுத் தூரம் வந்திருக்காதுக்கா. கேளுங்க. கமிஷனருக்கு ஒரு மனு. முன்னறையில கம்பெனி நடக்கல, காலியாக் கெடக்கு, நாங்க குடியிருக்க மட்டுந்தேன் வச்சிருக்கோம்னு. லைனை எழுதிக் குடுத்த தேதியிலருந்து வீட்டு வரியாக் கொறச்சுக் கேக்கலாம். பாக்கியும் கொறையும். மிச்சத்தத் தவணையாக் கட்டுறோம்னு அதுலயே எழுதுனா ஜப்தியை நிப்பாட்டுவாக. எல்லாம் இருக்குறதுதேன். யாரும் வந்து கேக்குறதில்ல. நாங்களும் வீடு தேடிப் போயிச் சொல்றதில்ல.

— இப்ப மட்டும் ஏனுங்க தேடி வந்து சொல்றீங்க?

— தர்மம்னா நெனைக்கிறீக? வராத வரியை வருசம் பூரா எழுதிக்கிட்டுக் கெடக்குறதுக்கு, வர்ற வரியை எழுதலாம்ல. வசூல் ஆகலைன்னா ஏச்சு வாங்குறது நானு.

— மனு குடுத்தா அதோட முடிஞ்சுதுங்களா?

— இன்ஸ்பெக்டர் வந்து பாப்பாரு. பூட்டைத் தொறக்கணும். போர்டைக் கழட்டணும். ரெண்டு பக்கத்து வீட்டுக்காரகளும் கையெழுத்துப் போடணும், ஆமா, இங்க கம்பெனி இல்லைன்னு.

— அப்ப வேண்டாமுங்க.

— என்னது?

— வேண்டாமுங்க தம்பி. கெழக்கால சுப்பாத்தாக்கா ஊடு. அவுங்க போடுவாங்க. அவுங்களுக்கு எல்லாந் தெரியும், வாயத் தொறக்க மாட்டாங்க. மேக்கால ஊட்டுக்கு யாரு போடறது? ஒச்சம்மா போட்டா ஆகுமுங்களா?

— வாடகைக்கு இருக்குறவக போட்டாச் செல்லாது. சொந்தக்காரரு போடணும். அது சலாவுதீன் பாய் வீடுல்ல? தாராபுரம் ரோட்டுல இருக்காரே, அவரு?

— அவரு மகனுக்குத்தான் எம் பொண்ணைப் பேசியிருக்குதுங்க. நிச்சயம் முடிஞ்சுது. பெருநாள் கழிச்சு நிக்காஹ்.

— ஓ.

— கம்பெனிக்காரர் ஊட்டுப் பொண்ணுன்னுதானுங்க வந்தாங்க. வாசல்ல நின்னு போர்டைப் படிச்சுப்போட்டுத்தான் செருப்பையே கழட்டுனாங்க. அறை பூட்டியிருந்துச்சு. வெள்ளிக்கிழமை, லீவுன்னு சொல்லிட்டம். இப்ப அவருகிட்டயே போயி, எங்களுக்குக் கம்பெனி இல்லீங்க, ஒரு கையெழுத்துப் போடுங்கன்னு நீட்டறதுங்களா?

— ஜப்தி வண்டி வாசல்ல நின்னா மட்டும் அவருக்குத் தெரியாதாக்கும்? மாசம் பொறந்தா ஒச்சம்மா வாடகை குடுக்க அவரு வீட்டுக்குத்தேன் போகுது. மொத வேலையா அதைத்தேன் சொல்லும்.

— அதுக்குத்தானுங்க கேக்கறன். நிக்காஹ் முடியற வரைக்கும் தள்ளி வெய்யுங்க. பொறவு போர்டென்ன, கதவையே கழட்டிக்கங்க.

— அது எங் கையில இல்லக்கா.

— சீர்ப் பாத்திரம் வாங்கி வெச்சிருக்கறம். அதையுமா எடுப்பாங்க?

— பித்தளைன்னா மொதல்ல அதைத்தேன்.

— நீங்களும் பொண்ணைப் பெத்தவருதானுங்களே?

— பெத்தவந்தேன். அதுக்காக வாரண்டை வாயில போட்டு முழுங்க முடியுமா?

— அண்ணா, நீங்க மனுவை எழுதுங்க.

— ஜஹானாரா! தண்ணிய வெச்சுப்போட்டு உள்ள போ கண்ணு.

— போறனுங்கம்மா. அண்ணா, மனுவை எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அத்தா சாயங்காலம் வந்து கையெழுத்துப் போடுவாரு. அறைச்சாவி அலமாரியிலதான் இருக்குது.

— கேட்டீங்களா தம்பி இவ பேச்சை? அந்தப் போர்டை உங்கத்தா மாட்டுன அன்னைக்கு எப்படி இருந்தாருன்னு தெரியுமா உனக்கு? ஏணியில ஏறுறதும், ரோட்டுல போயி நின்னு கோணலா இருக்குதான்னு பாக்கறதும்...

— ஏணியப் புடிச்சவளே நான்தானுங்கம்மா. அன்னைக்கு நிமுந்து பாத்தாரு. இப்ப வாசலத் தாண்டறப்ப தலை நிமுர்றதே இல்ல. டிபன் தூக்கைத் துண்டுல சுத்திட்டுப் போறாரு. பாத்திருக்கீங்களா?

— பாத்தியான்னு என்னைக் கேக்கறா. அந்தத் தூக்குல சோறு போடறதே நானு!

— சத்தம் வேணாம்க்கா. பாப்பா, மனு எழுதுறது ஒரு வேலையில்ல. நானே எழுதித் தாரேன். சலாவுதீன் பாய் கையெழுத்துக்கு எங்க போவ?

— அது இருக்குதுங்கண்ணா.

— என்ன இருக்கு?

— கையெழுத்து. முனிசிபாலிட்டிக்குப் போயிருந்தன். நீங்க வெளிய போயிருந்தீங்க. ஜன்னல்ல இருந்தவங்கதான் சொன்னாங்க, வரி கொறைக்கோணும்னா பக்கத்து ஊட்டுக்காரங்க எழுதித் தரோணும்னு. சுப்பாத்தாப் பெரியம்மாவையும் கூட்டிக்கிட்டு நேரா தாராபுரம் ரோட்டுக்குப் போயிட்டன். இந்தாங்க.

— குடு பாப்பம். 'முன்னறை காலியாக இருப்பதை நேரில் பார்த்தேன். மு. சலாவுதீன்.' அவரு கையெழுத்தேதேன்க்கா. அவரு வீட்டு வரியும் நாந்தேன வாங்குறேன். எனக்குத் தெரியாதா?

— அவரு ஊட்டுக்கா போனே? கல்யாணப் பொண்ணு, மாமனார் ஊட்டு வாசப்படியா ஏறுனே? என்னடி சொன்னே?

— உள்ளதைச் சொன்னன். கட்டிக்கிட்டுப் போனப்பறம் தெரிஞ்சா, அந்த ஊட்டுல நின்னு பதில் சொல்றவ நான். நீங்க யாரும் அங்க இருக்கமாட்டீங்க.

— அவரு என்ன சொன்னாரு?

— டீ கொண்டாரச் சொன்னாரு. பொறவு எங்ககூடவே கெளம்பி வந்தாரு. அம்மா, நீங்க சந்தைக்குப் போயிருந்தீங்க. பூட்டைத் தொறந்து விட்டன். தரையில மிசின் கால் பதிஞ்ச தடம் இருக்குதல்லங்க, அதைப் பாத்துட்டே நின்னாரு. 'இல்லாததை இல்லேன்னு எழுத எனக்கென்னம்மா'ன்னு சொல்லிப்போட்டு, பேனா கேட்டு வாங்கிப் போட்டாரு.

— அல்லாவே! கேட்டீங்களா தம்பி? என்ன மனுசன்! போர்டைப் பாத்து வந்தவங்கன்னு நெனச்சனே. இத்தனை நாளா வெட்டுத்துணிய வெச்சு மிதிச்சுட்டிருந்தேன், பாருங்க.

— நல்ல மனுசந்தேன். இதுக்குக் கீழ சுப்பாத்தாளும் போட்டிருக்காக. அப்புறம் என்ன? நாளைக்கே மனுவைச் சேத்துர்றேன். வண்டி வராது. பயப்படாதீக.

— ஒரு வாய் டீ குடிச்சுப்போட்டுத்தான் போகோணும் நீங்க. ஜஹானாரா, பாலை அடுப்புல வெய்யி. நாளைக்கு நானும் உங்கத்தாவும் சக்கரையும் பழமும் வாங்கிட்டுப் போயி சம்பந்தியப் பாத்துட்டு வந்துர்றம். மறைச்சதுக்கு மன்னிப்பும் கேட்டுக்கலாம்.

— போக வேண்டாமுங்கம்மா.

— ஏன் கண்ணு? ஊருல இல்லியா அவரு?

— கையெழுத்தைப் போட்டுப்போட்டு, எங் கையில இருந்த நிச்சய மோதிரத்தைக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாருங்க.