ஓரகத்தியின் கரண்ட் மிஷின்

எங்கள் தீவில் வண்டூர் பஸ்ஸில் ஏறினாலே எனக்கு பிரேக் பிடிக்குமா என்ற கவலைதான். அன்று அதையும் மறக்க வைத்தது, முன் சீட்டில் இருந்த இரண்டு ஓரகத்திகளின் பேச்சு.

இளையவள் சொன்னாள்: “கரண்ட் அடிக்குதுன்னு சும்மா கதை விடாதீங்கக்கா. உங்க மிஷினை நான் தொட்டுடக் கூடாது, அவ்வளவுதானே?”

“அரே, பைத்தியமே! எங்க வீட்டுக்காரர் மெயின்லேண்ட்லேருந்து கொண்டாந்த பழைய தையல் மிஷினு. ஒயரெல்லாம் தோலு உரிஞ்சு கிடக்கு. எர்த்தும் கிடையாது.”

“நீங்க மட்டும் தைக்கிறீங்க?”

“ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு, பயந்து பயந்துதான். கரண்ட் மிஸ்திரி வந்து ஒயர் மாத்தட்டும், நீயும் தையேன்.”

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நேத்து நீங்க பஜார் போனப்ப ஈரக் காலோட உட்கார்ந்து தச்சேன். தூக்கிப் போட்டுடுச்சு. முழங்கை வரைக்கும் இன்னும் மரத்துக் கிடக்கு. சொன்னா உங்க பேச்சு நெசமாயிடுமேன்னு சொல்லல.”

மூத்தவள் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். உடனே வீட்டுக்கு போன் போட்டாள். “ஏங்க, அந்த மிஷின் பிளக்கைப் புடுங்கிடுங்க. இனி யாரும் தொடக் கூடாது.”

“யாரும்னா, நீங்களுமாக்கா?”

“நானும்தாண்டி.”

அப்போதுதான் இளையவள் முகத்தில் சிரிப்பு வந்தது.